வாசலில் நின்ற வாடுகம்பு

ஊசிமடை ஊரில் வாய்க்கால்கள் ஆவுடையம்மாளின் இடது காலைத் தேடி வந்த வருஷம் குளத்தில் தண்ணீருக்குக் குறைவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் மழை பொய்த்திருக்கும், மண் வறண்டிருக்கும், தாகம் தாங்காமல் ஏதோ ஒன்று தண்ணீரைக் கூப்பிட்டிருக்கும் என்று தாங்களாகவே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டு தலையாட்டிவிடுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அந்த ஐப்பசியில் குளம் கரைக்குக் கரை தளும்பி மறுகால் போய், கெளுத்தி மீன்கள் தார் ரோட்டில் கிடந்து துள்ள, பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் இறங்கித் துண்டில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவ்வளவு தண்ணீர் கிடந்த ஊரில்தான் இது நடந்தது.

கார்த்திகை பிறந்து நடவும் முடிந்த ஒரு மத்தியானம், ஆவுடை வீட்டுக்குப் பின்னால் வைக்கோல்படப்பு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். படப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு வாய்க்கால் வந்தது. விரல் அகலம்தான் இருக்கும். கன்றுக்குட்டி மாதிரி அங்கேயும் இங்கேயும் முகர்ந்துகொண்டு, கோழிக்கூண்டைத் தாண்டி, அம்மிக்கல்லை ஒரு சுற்றுச் சுற்றி, மேட்டில் ஏறி, அவளுடைய இடது உள்ளங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அவள் காலை இந்தப் பக்கம் நகர்த்தினால் அதுவும் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் நகர்த்தினால் அதுவும் அந்தப் பக்கம் போயிற்று. வலது காலைக் காட்டிப் பார்த்தாள், அதை அது சட்டைகூடச் செய்யவில்லை.

"அத்தான், வாய்க்கா வந்திருக்கு" என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னாள்.

அவள் புருஷன் வெயிலுமுத்து அவளுக்குச் சொந்த அத்தை மகன். பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவன் மாதிரி அளந்துதான் பேசுவான். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "வந்தா வரட்டும். ஈரத்துல கெடக்க வெறகத் தூக்கி உள்ள போடு" என்றான்.

அந்த உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், ஒரு கருப்பு மச்சம் இருந்தது. பிறவி மச்சம் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் கடுகளவில் வந்தது, பிறகு மிளகளவு ஆனது, இப்போது புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஓரம் பிசிறியடித்து, ஒரு பக்கம் கருப்பும் ஒரு பக்கம் காப்பிக்கொட்டை நிறமுமாக இருந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. விடிந்ததிலிருந்து சேற்றிலும் வரப்பிலும் நடக்கிறவள் உள்ளங்காலை எடுத்து எதற்குப் பார்க்கப்போகிறாள்?

வாய்க்கால் வந்த பிறகுதான் ஊர் அந்தக் காலைப் பார்த்தது. டீக்கடையில் ஒரு வாரம் அந்தப் பேச்சுதான். அம்மன் அருள் என்று கொஞ்சப் பேர் சொன்னார்கள், மச்சத்தின் யோகம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தலைமடைக்காரிக்கு அம்மன் எதற்குத் தண்ணீர் கொடுக்கப்போகிறாள், ஏற்கெனவே அவளுக்குத்தானே முதல் தண்ணீர் என்று யாரோ கேட்க, அது நியாயமாகப் பட்டதால், மச்சம்தான் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து ஆவுடை மச்சக்காரி ஆனாள்.

மார்கழிக்குள் பெரிய வாய்க்காலில் இருந்து கிளை, கிளையில் இருந்து கிளை என்று பிரிந்து பிரிந்து, அவள் எந்தத் தெருவில் நடந்தாலும் அந்தத் தெருவுக்கு நாலைந்து ஓடைகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம் அழகானது. பஞ்சாயத்தில் இருந்து பனந்தடிகளைக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பால்காரர் செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் எப்போதும் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்று பாடம் சொல்லிக்கொண்டிருந்த வாத்தியார் ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். கோயில் கொடைவிழாவில் ஆவுடை கூட்டத்தில் உட்கார்ந்திருக்க, வில்லுப்பாட்டுக் கோஷ்டிக்கு நடுவில் வாய்க்கால் புகுந்தது. குடம் அடிக்கிறவர் குடத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தாளம் தப்பாமல் அடித்தார். துஷ்டி வீட்டுக்கு அவள் போனால் அந்த வீட்டுக்காரர்கள் அழுகைக்கு நடுவிலேயே ஒரு பலகையை எடுத்துப்போட்டு, "காலைத் தூக்கி வச்சுக்கோ தாயி" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் அழுவார்கள். உள்ளங்கால் தரையைப் பார்க்காவிட்டால் தண்ணீர் தெருவிலேயே குழம்பிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் ஊசிமடையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். குளத்து மடையை ஒட்டிய வயல் தலைமடை, அதுதான் முதலில் குடிக்கும். கடைசி வயல் கடைமடை, அது மிச்சத்தைக் குடிக்கும். இடையில் எல்லோருக்கும் முறை உண்டு. ஆனால் யாருடைய பயிராவது வாடிவிட்டால், வாடின நாற்றில் ஒரு பிடியைப் பிடுங்கி, ஒரு கம்பின் தலையில் கட்டி, வரப்பில் நட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் வாடுகம்பு. அது நின்றால் ஒரு கேள்வி கிடையாது. யாருடைய முறையாக இருந்தாலும் அவர் விட்டுக்கொடுத்துத் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். தண்ணீர் குடித்து வாட்டம் தீர்ந்த பிறகு, தீர்ந்தவர்களே தங்கள் கையால் கம்பைப் பிடுங்க வேண்டும். அறுப்பு முடிந்ததும் அந்த வீட்டுப் பெண் புது நெல்லில் முதல் படியை அளந்து, முறையை விட்டுக்கொடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். ஊரில் ஏறக்குறைய எந்த வீட்டில் இருந்தும் எந்த வீட்டுக்கும் இப்படி ஒரு படி நெல் போயிருக்கும், வந்திருக்கும். பயிர் செழித்து நிற்கும்போது பொய்யாக வாடுகம்பு நட்டவர் என்று மட்டும் ஊசிமடையில் இதுவரை ஒருவரும் இல்லை. அதைவிடக் கேவலம் அங்கே வேறில்லை.

ஆவுடையின் வயல் தலைமடை வயல். அவள் மாமனார் காலத்தில் இருந்து அந்த வரப்பில் வாடுகம்பு நின்றதில்லை. நிற்க அவசியமே இல்லை. அதனால் அந்த வீட்டில் இருந்து யாருக்கும் முதல் படி போனதும் இல்லை, படி கொடுத்துவிட்டு யார் வீட்டிலும் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதும் இல்லை. ஒருவரும் அவளை வெறுக்கவில்லை. அவளுக்கென்ன குறை என்று சொல்லி விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு, மத்தியான நேரத்தில் அவள் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு யார் வீட்டுக்கோ போய்க்கொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட வாசலில்தான் ஒரு நாள் கடைமடைக் கொம்பையா வந்து நின்றான். அவனுக்கு நாக்கில் மிளகாய். தலைமடைக்காரர்கள் குளித்த தண்ணீரில்தான் என் பயிர் வளருகிறது என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன். அன்றைக்கு ஒரு தார் பழத்தோடு வந்து, எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"மயினி, ஒரு ஒத்தாசை" என்றான். "ஒரு நாளைக்கு எங்க வயல்ல வந்து உக்காந்திருங்களேன். சும்மா உக்காந்தாப் போதும். கட்டில் போட்டுத் தாரேன், கொடை பிடிக்கச் சொல்லுதேன்."

"கொழுந்தனாருக்கு எங்க வீட்டு வழி இப்பத்தான் தெரிஞ்சுதோ?" என்று ஆவுடை கேட்டாள்.

"தண்ணிக்கே இப்பத்தான தெரிஞ்சிருக்கு" என்றான் கொம்பையா.

அவள் சிரித்துவிட்டாள், போனாள். கடைமடை வரப்பில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து இடது காலைத் தரையில் ஊன்றியதுதான் தாமதம், இருபது வயல்களைத் தாண்டி, யார் மடையையும் கேட்காமல், யார் முறையையும் பார்க்காமல், ஓடைகள் நாலாபுறமிருந்தும் வந்து கொம்பையாவின் வயலுக்குள் இறங்கின. கொம்பையாவின் பெண்டாட்டி சொர்ணம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் கேப்பைக் களியும் கொண்டுவந்தாள். நாத்தனார் கதை, மகளின் மாமியார் கதை, பக்கத்து ஊர் வாத்தியார் கதை என்று பொழுது சாய்கிறவரை ஓயாமல் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஆவுடைக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

அப்புறம் சும்மா இருக்குமா ஊர்? குளத்தங்கரையில் கூட்டம் போட்டுத் திருவுளச் சீட்டு எடுத்து, ஆவுடையின் காலுக்கு ஒரு முறை வைத்தார்கள். தண்ணீர்முறை போய்க் கால்முறை வந்தது. இன்றைக்கு இவர் வயல், நாளைக்கு அவர் வயல். காலையில் வண்டி வந்து நிற்கும். கட்டில், குடை, வெற்றிலைத் தட்டு எல்லாம் வயலில் தயாராக இருக்கும். ஒரு வீட்டில் கோழி அடித்தார்கள் என்றால் அடுத்த முறைக்காரர் ஆடு அடித்தார். ஆவுடைக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் இருந்ததில்லை. கன்னம் பூசினாற்போல ஆயிற்று, புதுசாக இரண்டு சேலை எடுத்தாள், எல்லோர் வீட்டுக் கதையும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வாய்க்கால்களைப் பற்றி மட்டும் ஒரு குறை சொல்ல வேண்டும். மனுஷன் வெட்டின வாய்க்கால் நேராக வரும், கரை உறுதியாக இருக்கும். இவை அவசரத்தில் பிறந்தவை. கோணல்மாணலாக வரும், வந்த வழியே திரும்பும், ஒன்றின் வயிற்றில் ஒன்று முட்டும், சில வேலிக்கருவை மூட்டில் போய் முடிந்துவிடும். கரைகள் எல்லாம் ஒழுகின. வயலில் இறங்கியதைவிட வழியில் சிந்தியதுதான் அதிகம். தை பிறந்தபோது குளம் பாதிக்கும் கீழே போயிருந்தது. மச்சக்காரி இருக்கும்போது குளத்தை யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

கிராமத்து நர்ஸ் எப்சிபா நாசரேத்துப் பக்கத்துப் பெண். பிரஷர் பார்க்கிற மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல்வயலாகப் போகிறவள். கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த ஆவுடையின் கையில் பட்டையைக் கட்டிவிட்டுக் காற்றடித்துக்கொண்டிருந்தவள், அடிப்பதை நிறுத்திவிட்டுக் காலைப் பார்த்தாள்.

"அக்கா, இது எத்தன நாளா இருக்கு?"

"அதுதாம்மா மச்சம். ஊருக்கே தெரியுமே."

எப்சிபா குனிந்து விரலால் ஓரத்தைத் தொட்டாள். "மச்சம் வட்டமா இருக்கும்க்கா. இது கண்டபடி பரவி இருக்கு. நெறமும் ஒரே நெறமா இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ போயிட்டு வந்துருங்க."

"அறுப்பு முடியட்டும்."

"அறுப்பு காத்திருக்கும். இது காத்திருக்காது" என்று சொல்லிவிட்டு எப்சிபா நேரே வெயிலுமுத்துவிடம் போய்ச் சொன்னாள்.

வெயிலுமுத்து மறுநாளே அவளைப் பஸ்ஸில் ஏற்றினான். ஒரு வாய்க்கால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தது. மெயின்ரோட்டுப் பாலம் வரை வந்து, அங்கே லாரிகளைப் பார்த்துத் தயங்கி, மைல்கல்லுக்குப் பக்கத்தில் தேங்கி நின்றுகொண்டது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கட்டுமா என்று கேட்டார், ஆவுடை சிரித்தாள், வெயிலுமுத்து சிரிக்கவில்லை.

திருநெல்வேலியில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று ஒரு டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். இது மச்சம் இல்லை. நிறம் கொடுக்கிற அணுக்களில் வருகிற புற்று. நம் ஊர்க்காரர்களுக்கு உள்ளங்காலில் வருவதுண்டு, உள்ளங்கால் என்பதால் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

"வலிக்கவே இல்லையேம்மா" என்றாள் ஆவுடை.

"வலிக்காதும்மா. அது ரொம்ப சாமர்த்தியமானது." டாக்டரம்மா ஒரு தாளில் சின்ன வட்டம் போட்டு, அதைச் சுற்றிக் கோடுகள் இழுத்தாள். "உடம்புல ஒரு இடத்துல சதைக்குக் காத்து பத்தலைன்னா, பிராணவாயு இல்லாம மூச்சு முட்டுதுன்னா, அது ஒரு தகவல் அனுப்பும். உடனே அங்க புது ரத்தக்குழாய் வளரும். அது நியாயமான ஏற்பாடு. பல கட்டிங்ககூட பெருசாகி மூச்சு முட்டும்போதுதான் அந்தத் தகவலை அனுப்பும். ஆனா இந்த மாதிரிக் கட்டி, முட்டுறதுக்கு முன்னாலயே அனுப்பிடும். நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு, நல்லா மூச்சும் விட்டுக்கிட்டு, பத்தலை பத்தலைன்னு கேட்கும். உடம்பு அதை நம்பிக் குழாய் குழாயா அனுப்பும். அந்தக் குழாய்ங்களும் ஒழுங்கா இருக்காது. கோணலா, ஒழுகிக்கிட்டு இருக்கும்."

ஆவுடை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பம் இது பொய்யா நட்ட வாடுகம்பு" என்று மெல்லச் சொன்னாள். டாக்டரம்மாவுக்கு அது விளங்கவில்லை, வெயிலுமுத்துவுக்கு விளங்கிவிட்டது. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட வேண்டும், தொடையில் இருந்து தோலெடுத்து ஒட்டவேண்டும், பார்த்தவரையில் இன்னும் வேறெங்கும் பரவினதாகத் தெரியவில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னாள். வருகிற வாரமே வரச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆவுடை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஓடுகிற வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அறுப்பு முடியட்டும் அத்தான். கதிரு பால் பிடிக்கிற நேரம். கடமடையெல்லாம் என்னைய நம்பி இருக்கு" என்றாள்.

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலயா?"

"விழுந்துச்சு." அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இத வெட்டிட்டா தண்ணி வராது. தண்ணி வரலன்னா என்னைய யாரு கூப்புடுவா? திரும்பவும் வாசல்ல நிக்கணும். அது எனக்கு முடியாது அத்தான்."

வாய் இருக்கிறவன் என்றால் ஆயிரம் சொல்லியிருப்பான். வெயிலுமுத்து பஸ்ஸை விட்டு இறங்கின கையோடு வயலுக்குப் போனான். பச்சைப்பசேலென்று இடுப்பளவு நின்ற தன் பயிரில் ஒரு பிடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து தகரக் கூரைமேல் போட்டான். ஆவுடை என்னவென்று கேட்டதற்கு, "மாட்டுக்கு" என்றான்.

கொஞ்ச நாளில் மறுபடியும் கொம்பையாவின் முறை வந்தது. காலையில் அவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஆவுடையின் வாசலில், கோலத்துக்குப் பக்கத்தில், ஒரு வாடுகம்பு நின்றது.

ஊசிமடையில் யாரும் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. வயல் வரப்பில் நிற்க வேண்டியது வீட்டு வாசலில் நிற்கிறது, அதுவும் தலைமடைக்காரன் வீட்டு வாசலில். வாய்க்கால்கள் மேட்டில் ஏறினபோது கூடாத கூட்டம் இப்போது கூடிவிட்டது. கொம்பையா வண்டியில் இருந்து இறங்கி, கம்பில் கட்டியிருந்த நாற்றைக் கையில் எடுத்து முறித்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது வாடுன பயிரு இல்ல" என்றான். "நல்ல பயிரப் பிடுங்கிக் காயப்போட்டது."

ஆவுடை நிலைப்படியில் நின்று புருஷனைப் பார்த்தாள். பரம்பரைக்கும் ஒட்டிக்கொள்ளும் பெயர் ஒன்றை அவன் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றான் வெயிலுமுத்து. "எம் வயலு வாடல. எம் வீடு வாடுது. வீட்டுக்கு எப்பிடி நடணும்னு எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி நட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "இவ கால்ல இருக்கது மச்சம் இல்ல. அதுதான் பொய்க்கம்பு. வயிறு நெறையக் குடிச்சுக்கிட்டே வாடுதேன் வாடுதேன்னு நிக்கி. வெட்டி எடுக்கலன்னா ஆளையே கொண்டு போயிரும்னு டாக்டரம்மா சொல்லுதாவ. இவ, உங்க கதிரு முத்தட்டும்ங்கா. எனக்கு வேற எந்த வழியும் தெரியல. முறைய விட்டுத் தாங்க."

அவன் அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. கொம்பையா ஆவுடையைப் பார்த்தான். நாக்கில் மிளகாய் வைத்திருக்கிறவனுக்கு அன்று சொல் தடுமாறியது.

"ஏன் மயினி எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா கூப்புட மாட்டீயளே" என்றாள் ஆவுடை. சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டாள்.

வாடுகம்பு நின்றால் ஒரு கேள்வி கிடையாது. கொம்பையா ஏற்கெனவே ஒரு கேள்வி கேட்டுவிட்டதற்கு வெட்கப்பட்டவன்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியைப் பஸ் நிற்கிற பக்கமாகத் திருப்பினான். "ஏறுங்க. அண்ணாச்சி, நீங்களும் ஏறுங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "மம்பட்டியை எடுங்கலே" என்றான். தன் கதிர் பால் பிடித்துக்கொண்டிருக்கிற நேரம் என்பதை அவன் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

வண்டி போகப்போக வாய்க்கால்கள் பின்தொடர்ந்தன, ஊரும் அவற்றைப் பின்தொடர்ந்து அடைத்துக்கொண்டே வந்தது. கிளையை அடைத்தால் இன்னொரு கிளை முளைத்தது, அதையும் அடைத்தார்கள். ஒரு மடையைக் கட்டினால் அது சுற்றிக்கொண்டு போய் வேறு இடத்தில் உடைந்தது, அங்கேயும் மண் வெட்டிப் போட்டார்கள். தங்கள் பயிருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால்களைத் தங்கள் கையாலேயே, ஆணும் பெண்ணுமாக, சேற்றில் முழங்கால்வரை நின்று ஒவ்வொன்றாக மூடினார்கள். சொர்ணம் மண்சட்டியால் மண் அள்ளிப் போட்டுக்கொண்டே, தண்ணீரைப் பார்த்து, "போதும் போ, ரொம்பத்தான் ஆசப்படாத" என்று திட்டினாள். ஆவுடை வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டே போனாள். மெயின்ரோட்டுப் பாலத்துக்கு வந்தபோது மைல்கல்லுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஓடைதான் மிச்சம் நின்றது, கொம்பையா குனிந்து அதை இரண்டு கைமண்ணால் மூடினான்.

ஆஸ்பத்திரியில் காலில் கட்டியை வெட்டித் தோல் ஒட்டின அன்றைக்கு, அடைபடாமல் எங்கெங்கோ ஒளிந்துகொண்டிருந்த சின்ன ஓடைகள்கூடத் தெருவில் அப்படியே நின்று, கொஞ்சநேரம் யோசித்து, மண்ணுக்குள் இறங்கிவிட்டன. தடம் மட்டும் இருந்தது. புறங்கை நரம்பு மாதிரி ஊர் முழுக்கக் காய்ந்த கோடுகளாகக் கிடந்ததைப் பெண்கள் விளக்குமாற்றால் பெருக்கிவிட்டு அதன்மேல் கோலம் போட்டார்கள். பழைய பெரிய வாய்க்கால் மட்டும் எப்போதும்போல நேராக ஓடியது. ஒழுகாமல் வந்த அந்தத் தண்ணீரை முறை வைத்துப் பிரித்தார்கள். தலைமடைக்காரர்கள் தங்கள் மடையைப் பாதியில் அடைத்துக் கீழே விட்டார்கள், வெயிலுமுத்து ஆஸ்பத்திரியில் இருந்தே சொல்லியனுப்பித் தன் மடையை முழுக்க அடைக்கச் சொன்னான். மாசி கடைசியில் அறுத்தபோது விளைச்சல் கொஞ்சம் குறைச்சல்தான். களத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பங்குனியில் ஆவுடை காலில் கட்டோடு வந்து இறங்கினாள். வெட்டின சதையின் ஓரம் வரை சோதித்துவிட்டார்கள், சுத்தமாக வந்துவிட்டது, ஆனாலும் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். வாசலில் வாடுகம்பு அப்படியே நின்றது.

"இன்னுமா பிடுங்கல?" என்று கேட்டாள்.

"நான் எப்பிடிப் பிடுங்க? வாட்டம் தீந்தவங்கதான் பிடுங்கணும்" என்றான் வெயிலுமுத்து.

அவள் அதைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வாசலில் வண்டி சத்தம் கேட்டது. கொம்பையா உள்ளே எட்டிப் பார்த்து, "மயினி, கெளம்பலயா? இன்னைக்கு எங்க முறை" என்றான்.

ஆவுடை எழுந்து உட்கார்ந்தாள். "கொழுந்தனாரே, இனிமே தண்ணி வராது. தெரியும்லா?"

"அறுத்துக் கெடக்க வயலுக்குத் தண்ணி எதுக்கு? சொர்ணம் காலையில இருந்து கருவாட்டக் கழுவிக்கிட்டு இருக்கா. அன்னைக்கு முறைய விட்டுத் தந்தேன்ல, அது எனக்குப் பாக்கி நிக்கி." கொம்பையா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கு அடுத்த முறைக்காரன் நாளைக்கு வருவான். அதையும் சொல்லச் சொன்னான்."

அவளை இரண்டு பேரும் தாங்கி வண்டியில் ஏற்றினார்கள். அறுத்த தாள் நிற்கிற வயலில், வேப்பமர நிழலில், அதே கட்டில் கிடந்தது, அதே குடையும் இருந்தது. கட்டுப் போட்ட காலை ஒரு தலையணைமேல் வைத்துவிட்டார்கள். ஒரு ஓடையும் வரவில்லை. மண் காய்ந்து வெடித்து, பங்குனி வெயிலில் உலர்ந்த வைக்கோல் வாசம் அடித்துக்கொண்டிருந்தது. சொர்ணம் குழம்புச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, நாத்தனார் கதையை எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று கேட்டாள். ஆவுடைக்கு அது சரியாக ஞாபகம் இருந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும், வெயிலுமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் கோலத்துக்குப் பக்கத்தில் போய், வாடுகம்பைப் பிடித்து இழுத்தாள். நாள்பட நின்றதால் மண் இறுகியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அது லேசாக வந்துவிட்டது. உலர்ந்த நாற்றைக் கம்பில் இருந்து அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டு, தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். கொம்பையா வீடு, அதற்கடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று கடைசி வீடு வரைக்கும் பார்த்தாள். அத்தனை வீடும் முறையை விட்டுத் தந்த வீடுதான்.

"அத்தான்" என்றாள், "நம்ம படி எங்க இருக்கு?"